சம்பந்திக்குக் கொடுக்காத கை

ஜோதிலட்சுமியின் வலது கை அவள் பேச்சைக் கேட்பதில்லை என்பது புதுப்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு அவள் புருஷன் சுருளிராஜன் சொல்லிவைத்திருந்தார். ஜீப் ஓட்டுகிறவருக்கு வாய் மட்டும் ஓடாமல் இருக்குமா? விடிகிற நேரத்தில் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுச் சாலையில் கிளம்பினால், வளைவுக்கு ஒரு கதை சொல்லித்தான் அவர் வண்டி மேலே போகும். அந்தக் கதைகளில் அதிகம் அடிபட்டது பெண்டாட்டியின் கைதான்.

அந்தக் கைக்குப் பழக்கம் வந்ததே தோட்டத்தில்தான். மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்து ஏலக்காடுகளில் இருபத்தைந்து வருஷமாகக் காய் எடுக்கிறாள். மழை விழுந்துவிட்டால் அங்கே சரிவெல்லாம் வழுக்கும். காய்ப்பையோடு வரிசையாக மேடேறும்போது முன்னால் போகிறவள் ஒரு பிடிமானம் கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவள் அதைப் பிடித்து ஏறி, தன் கையைத் தனக்குப் பின்னால் நீட்ட வேண்டும். பிடிக்கிறது யார், முந்தின நாள் குழாயடியில் அவளோடு என்ன சண்டை என்றெல்லாம் அங்கே பார்க்கிற வழக்கமில்லை. கை நீட்டாதவளுக்கு மறுநாள் ஜீப்பில் யாரும் தள்ளி உட்கார்ந்து இடம் தர மாட்டார்கள். அப்படி நீட்டி நீட்டி, பக்கத்தில் எவளாவது ‘ஆத்தா’ என்று மூச்சு வாங்கினாலே ஜோதிலட்சுமியின் கை தானாக எழுந்து போய்விடும். பஸ் படியில் போகும், கோயில் படியில் போகும். நல்ல பழக்கம்தானே என்பீர்கள். சேத்து ஓட்டத்தில் மட்டும் அதற்குப் பெயர் குற்றம்.

சேத்து ஓட்டம் என்பது ஊர் வைத்த பெயர். அதை நடத்துகிற சசிதரன் பட்டாளத்திலிருந்து வந்த குமுளிக்காரர். அவர் அடிக்கிற நோட்டீஸில் ‘தடை தாண்டும் போட்டி’ என்று கௌரவமாக இருக்கும். மாசியில் தோட்டவேலை குறைகிற சமயம் பார்த்து, மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துவார். சேற்றுக்கு மேல் கட்டிய வலைக்கு அடியில் தவழ வேண்டும். மணல்மூட்டை தூக்கித் தோப்பைச் சுற்றி வர வேண்டும். வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் எதிர்த்து நடக்க வேண்டும். தலைக்கு மேல் வரிசையாகப் போட்ட கம்பிகளில் கைமாற்றிக் கைமாற்றித் தொங்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியாகப் பலகைச் சுவர். நின்று கையைத் தூக்கினால் அதன் விளிம்பு எட்டாது, ஓடிவந்து குதித்துத்தான் பிடிக்க வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் கொஞ்ச தூர ஓட்டம், பிறகு சுண்ணாம்புக் கோடு.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவர் வலது மணிக்கட்டிலும் ஒரு சிவப்புத் துணிப்பட்டையைச் சுற்றி, கழற்ற முடியாதபடி ஊசிநூலால் நாலு தையல் போட்டுவிடுவார் தையல்கடை கர்ணன். எல்லாத் தடைகளையும் தன் பலத்தில் தாண்டியவர்கள் அந்தப் பட்டையோடு வீட்டுக்குப் போகலாம். ஒன்றைத் தாண்ட முடியாமல் விட்டாலும் சரி, உதவி செய்தாலும் சரி, உதவி வாங்கினாலும் சரி, பட்டையை வெட்டிவிடுவார்கள். தடைக்கு ஒரு ஆள் கத்திரியோடு நிற்பார். சுவருக்குக் கர்ணனே நிற்பார். வெட்டிய பிறகும் ஓடலாம், கோட்டைத் தொடலாம், சுண்டல் உண்டு, வாழைப்பழம் உண்டு. ஆனால் மணிக்கட்டு மொட்டையாக இருக்கும். நாற்பத்தைந்து தாண்டிய பெண்களில் இதுவரை ஒருத்திக்கும் பட்டை மிஞ்சவில்லை.

ஜோதிலட்சுமிக்கு முதல் இரண்டு வருஷம் அது கம்பியிலேயே போயிற்று. ஜீப் ஷெட்டின் இரும்புக் குழாயில் தொங்கித் தொங்கிப் பழகி, மூன்றாவது வருஷம் கம்பியையும் கடந்து, சுவரிலும் ஏறிவிட்டாள். மேலே உட்கார்ந்து மூச்சு விட்டபோது கீழே ஒரு கல்லூரிப் பெண் ‘பெரியம்மா’ என்றாள். கை போய்விட்டது. அடுத்த வருஷம் உத்தமபாளையத்து டீச்சர் ஒருத்தி. அதற்கடுத்த வருஷம் யாரென்றே தெரியாது, ‘ஆத்தா’ என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கர்ணன் வருத்தத்தோடுதான் வெட்டினார். “அடுத்த வருஷம் ஒன் கைய வீட்டுல வச்சிட்டு வந்துரு,” என்றார் சுருளிராஜன், ஜீப் முழுக்கச் சிரிக்க.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எடுக்கிற காய் எல்லாருடைய காயோடும் சேர்ந்து ஒரே சாக்கில் விழுகிறது. சமைத்தால் சாப்பிட்டதும் தீர்ந்துவிடுகிறது. வளர்த்த மகள் இன்னொரு வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். தான் ஒருத்தியாகச் சம்பாதித்தது என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு பொருள் வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அது ஒரு முழத் துணியாக இருந்தாலும் போதும். கேட்டால் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள். ஊரைச் சிரிக்க வைக்கிற மனுஷன் அன்றைக்குச் சிரிக்காமல் எழுந்து போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவைத்தார். ஆணி அப்படியே வெறுமனே இருந்தது.

இந்த வருஷம் அதில் பட்டை தொங்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதற்கு இடைஞ்சலாக இருந்தது ஒரே ஒரு ஆள். கடமலைக்குண்டு பாண்டீஸ்வரி, அவள் சம்பந்தி.

இரண்டு பேரும் சம்பந்தியானதே இந்தச் சேற்றில்தான். பாண்டீஸ்வரி மாவு மில் நடத்துகிறவள், ஜோதிலட்சுமியைவிட மூன்று வயது மூத்தவள். குட்டையான உருவம், மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய தோள். அவளும் வருஷம் தவறாமல் வருவாள். வலை, மூட்டை, வாய்க்கால், கம்பி எல்லாவற்றிலும் ஜோதிலட்சுமியோடு முட்டிக்கொண்டு வந்து, சுவரில் மட்டும் தோற்றுப்போவாள். உயரம் போதாது. இரண்டு அம்மாக்களும் சேற்றில் புரண்டுகொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய துண்டையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றவர்கள் இவள் மகள் சுருளிச்செல்வியும் அவள் மகன் ஈஸ்வரபாண்டியும். செருப்பைத் தவிர வேறு விஷயமும் பேசியிருக்கிறார்கள் என்பது அடுத்த வருஷம்தான் வெளியே வந்தது. கல்யாணம் போன வைகாசியில் நடந்தது.

அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேன் மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டிய ஜோதிலட்சுமி பந்தியைப் பார்க்கப் போய்விட்டாள். பாண்டீஸ்வரியின் அக்கா ராக்கம்மாள் வேனைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஜோதிலட்சுமி ஓடிவந்து, கெஞ்சி, அழாத குறையாக அழைத்துப் போனாள். ஆனாலும் அதன்பிறகு பாண்டீஸ்வரி ஒரு மாதத்துக்கும் மேலாக அவளோடு பேசவில்லை. மகள் மில் மொட்டைமாடியில் நின்று தணிந்த குரலில் போன் பேசுவாள். பெண்ணைக் கொடுத்தவளுக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்கும் என்று பெண்ணைக் கொடுத்தவளுக்குத்தான் தெரியும். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. சரியானதை மறுபடி கெடுத்துக்கொள்ள ஜோதிலட்சுமிக்குத் தெம்பில்லை.

ஆகவே அவள் ஒரு வழி யோசித்தாள். பத்துப் பத்துப் பேராக, செட்டு செட்டாகத்தான் ஓட விடுவார்கள். சம்பந்தியின் பேர் முதல் செட்டில் இருந்தது. அவள் அதில் ஓடட்டும், தான் வேறு செட்டில் ஓடிவிடலாம். சுவரில் அந்த முகத்தைப் பார்க்காமலிருந்தால் போதும், மற்றவர்களுக்குப் போகிற கையை எப்படியாவது அடக்கிக்கொள்ளலாம்.

“என்னை ரெண்டாவது செட்டுல போடுங்க சார்,” என்று முந்தின நாளே போய்ச் சசிதரனிடம் கேட்டாள்.

“போட்டாச்சு சேச்சி. ஆனா இந்தத் தடவ கைய சூட்சிச்சு, பத்திரமா வைக்கணும், கேட்டோ,” என்றார் அவர். அவருக்கும் கதை தெரிந்திருந்தது.

காலையில் கர்ணன் அவள் மணிக்கட்டில் கடைசித் தையலைப் போட்டு நூலைக் கடித்தபோது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“சம்பந்தி, ஒங்க பேரு ரெண்டாவது செட்டுலயாம்ல. நானும் மாத்தச் சொல்லிட்டேன்.”

பாண்டீஸ்வரி மகனுடைய கபடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஜோதிலட்சுமி தோட்டத்துக்குப் போடுகிற புருஷனின் பழைய சட்டையில் இருந்தாள்.

“எதுக்கு மதினி செரமம்? முன்னாடியே ஓடி முடிச்சிருக்கலாம்ல, வெயிலு ஏறிரும்.”

“நல்லாருக்கே. சம்பந்தின்னு ஆகிட்டுத் தனித்தனியா ஓடுனா நாலு பேரு என்ன பேசுவாக? எங்கக்கா வேற வந்திருக்காக பாக்குறதுக்கு.”

கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலியில் ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகளும் மருமகனும்.  ஜோதிலட்சுமி சிரித்து மழுப்பினாள், சிரிப்பு ஒட்டவில்லை.

விசில் அடித்ததும் ஓடினார்கள். வலைக்கு அடியில் ஜோதிலட்சுமி முன்னால் போனாள். மூட்டையில் பாண்டீஸ்வரி முந்தினாள். மற்றவர்கள் முக்கி எடுத்துத் தோளில் சாய்த்த மூட்டையை அவள் எடுத்த மாதிரியே தெரியவில்லை. வாய்க்காலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். குளிர்ந்த தண்ணீர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

“இடுப்புல ஒரு பிடிப்பு இருந்துச்சே, இப்பத் தேவலையா?” என்றாள் பாண்டீஸ்வரி, தண்ணீரை விலக்கிக்கொண்டே.

“தேவல மதினி. செல்வி நல்லாருக்காளா?”

“நேத்துதான பேசுனீக? நல்லாத்தான் இருக்கா. ஒங்களுக்குத் தெரியாம ஒரு சோலி நடக்குது, அதையும் மறைச்சிட்டா பாருங்க, கெட்டிக்காரி.”

என்ன சோலி என்று கேட்பதற்குள் கரை வந்துவிட்டது. கம்பியில் ஜோதிலட்சுமியின் உள்ளங்கை எரிந்தது. ஷெட்டில் தொங்கிய மாலைநேரங்களையெல்லாம் நினைத்துக்கொண்டு அடுத்த கம்பி, அடுத்த கம்பி என்று போனாள். கீழே சேற்றில் இரண்டு பேர் தொப்பென்று விழுந்தார்கள். கடைசிக் கம்பியை விட்டுக் குதித்தபோது மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை நனைந்து கறுத்திருந்தது, ஆனால் முழுதாக இருந்தது. சம்பந்தியின் மூச்சுச் சத்தம் பின்னால் கேட்டது. அதைக் கேட்காத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்று சுவரை நோக்கி ஓடினாள்.

முதல் குதிப்பிலேயே விளிம்பு அகப்பட்டது. இழுத்தாள், முழங்கையைப் போட்டாள், வயிற்றைப் பலகையில் தேய்த்து ஏறி, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அப்படியே அந்தப் பக்கம் குதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள், பாவி.

பாண்டீஸ்வரி ஓடிவந்து குதித்தாள். விரல்கள் விளிம்பைத் தொட்டு நழுவின. பின்னால் போய் மறுபடி ஓடிவந்தாள். இந்தத் தடவை எட்டு விரலும் விளிம்பில் மாட்டிக்கொண்டன. கால்கள் பலகையில் சறுக்கின. நரம்பு புடைத்த அந்த விரல்கள் ஜோதிலட்சுமியின் முட்டிக்குப் பக்கத்தில், கொஞ்சம் குனிந்தால் தொடுகிற தூரத்தில் இருந்தன.

கயிற்றுக்கு அப்பாலிருந்து ராக்கம்மாளின் குரல் வந்தது. “ஏண்டி ஜோதி, மேல உக்காந்துக்கிட்டு வேடிக்கையா பாக்குற? பொண்ணக் குடுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? கையக் குடுத்துத் தூக்குடி.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் மகளும் இருந்தாள். ஜோதிலட்சுமிக்கு மண்டபத்து வாசலும், இறங்காத வேனும், மொட்டைமாடியிலிருந்து வந்த தணிந்த குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஆணி கிடக்கிறது ஆணி. ஒரு துணிக்காகப் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போடுவதா? இத்தனை வருஷமும் தானாகப் போன கை இந்தத் தடவை தானாகப் போகவில்லை. அவள்தான் அனுப்பினாள். கர்ணன் கத்திரியை விரலில் மாட்டுவதை ஓரக்கண்ணில் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள்.

பாண்டீஸ்வரி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பிடியை விட்டுவிட்டுக் கீழே விழுந்தாள்.

“கைய எடுங்க சம்பந்தி,” என்றாள், விழுந்த இடத்திலிருந்தே. கோபமாகத்தான் சொன்னாள்.

“இப்பப் பேச்செதுக்கு மதினி, சும்மா பிடிங்க. எம் பட்டை போனாப் போகுது.”

“ஒங்க பட்டை போறது இருக்கட்டும். ஒங்க கையத் தொட்டா எம் பட்டையும்ல போகும்?”

ஜோதிலட்சுமி நீட்டிய கையோடு அப்படியே இருந்தாள். விதி அவளுக்குத் தெரியாதா என்ன? கொடுத்தவளுக்கும் வெட்டு, வாங்கினவளுக்கும் வெட்டு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவள் தன் மணிக்கட்டை மட்டும்தான் பார்த்து அழுதிருந்தாள். அந்தக் கல்லூரிப் பெண் பட்டை போன தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு ‘பரவால்ல பெரியம்மா’ என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளை தனக்கு ஆறுதல் சொன்னாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

பாண்டீஸ்வரி எழுந்து தொடையில் கையைத் துடைத்தாள். “மில்லுக்குப் பின்னாடி எம் மகன் பலகைச் செவுரு அடிச்சுக் குடுத்திருக்கான். ஆறு மாசமா விழுந்து எந்திரிக்கேன். ஒங்க மகதான் தெனமும் பக்கத்துல நின்னு எம்புட்டு ஏறுனேன்னு பாத்துச் சொல்லுவா. அதத்தான் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். இப்ப அவ வேலைய நீங்க பாருங்க. எம்புட்டு ஏறுறேன்னு மேல இருந்து பாத்துச் சொல்லுங்க. கை மட்டும் வேணாம்.”

“மதினி…”

“மாப்ள வீட்டுக்காரி சொல்றேன். கேப்பீகளா, மாட்டீகளா?”

ஜோதிலட்சுமி கர்ணனைப் பார்த்தாள். “தொடலக்கா,” என்றார் அவர். “தொட்டாத்தான் வெட்டு.” கத்திரியை விரலிலிருந்து கழற்றவும் இல்லை.

அவள் வலது கையை இழுத்து, பலகைக்கும் தன் தொடைக்கும் நடுவில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பாண்டீஸ்வரி முன்னைவிடத் தூரமாகப் பின்னால் போனாள். தோள்களைக் குலுக்கிக்கொண்டாள். ஓடிவந்து குதித்தபோது சுவரே அதிர்ந்தது. பிடி கிடைத்தது. இழுத்தாள். தலைமயிர் தெரிந்தது, சேறு பூசிய நெற்றி தெரிந்தது, பிறகு முழு முகமும் மேலே வந்தது. ஒரு முழங்கை விளிம்பில் ஏறியது. இன்னொன்றும் ஏறியது. இரண்டு பெண்களின் முகங்களும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. பாண்டீஸ்வரியின் கண் சிவந்து, தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. கால் எங்கேயாவது பிடிமானம் கிடைக்குமா என்று கீழே பலகையைப் பிறாண்டியது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தது.

“ஆத்தா,” என்றாள் பாண்டீஸ்வரி.

வேண்டுமென்று சொல்லவில்லை, வலியில் வாயைவிட்டு வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு இருபத்தைந்து வருஷமாகப் பதில் சொல்லி வந்த கை தொடைக்கு அடியில் துள்ளியது. ஜோதிலட்சுமி முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினாள். பலகையின் சிராய் புறங்கையில் ஏறியது. ராக்கம்மாள் என்னவோ கத்தினாள். மகளும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் கை எழவில்லை. கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு முழங்கை நழுவியது. அடுத்ததும் போயிற்று. பாண்டீஸ்வரி கீழே விழுந்தாள்.

 ஜோதிலட்சுமி குனிந்து பார்க்கவே பயந்தாள். பிறகு கீழேயிருந்து மூச்சுக்கு நடுவில் குரல் வந்தது.

“முழங்கை ஏறுச்சு. பாத்தீகளா சம்பந்தி?”

“பாத்தேன் மதினி. ரெண்டு முழங்கையும் ஏறுச்சு.”

“மில்லுல ஒரு நாளும் ரெண்டும் ஏறுனதில்ல. சத்தமாச் சொல்லுங்க, எங்கக்காவுக்குக் கேக்கட்டும்.”

“ரெண்டு முழங்கையும் ஏறுச்சு,” என்று ஜோதிலட்சுமி தோப்புக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. கயிற்றோரம் நின்ற சுருளிச்செல்வி குதித்துக் குதித்துக் கைதட்டினாள். மாமியாரைப் பார்த்துத்தான் தட்டினாள், அம்மாவைப் பார்த்தல்ல. அதைப் பார்த்ததும் ஜோதிலட்சுமியின் நெஞ்சில் கல்யாண நாளிலிருந்து இருந்த கனம் ஒன்று இறங்கிப் போயிற்று.

பாண்டீஸ்வரி இன்னும் சில தடவை முயன்று பார்த்தாள். கை தளர்ந்துவிட்டது, விளிம்பைத் தொடுவதே கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவளே கர்ணனிடம் போய் மணிக்கட்டை நீட்டினாள். “வெட்டுங்க தம்பி. துணியக் கீழ போட்ராதீக, எங்கிட்டயே குடுங்க.” பிறகு அண்ணாந்து பார்த்தாள். “நீங்க இன்னும் அங்கனயா இருக்கீக? எறங்கி ஓடுங்க சம்பந்தி.”

ஜோதிலட்சுமி அந்தப் பக்கம் குதித்தாள். அங்கிருந்து கோடுவரை ஓடியது அவளுக்குச் சரியாக நினைவில்லை. தென்னை மரங்கள் போயின, யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள், காலுக்கு அடியில் வெள்ளைக் கோடு போயிற்று. சசிதரன் அவள் கையைப் பிடித்துத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தக் கையை அப்படியே மேலே தூக்கிப் பிடித்தார். கூட்டம் கத்தியது. சுருளிராஜன் எதிரில் வந்து நின்றார். வளைவுக்கு ஒரு கதை சொல்கிற மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவள் அழுதாள்.

சுவரைச் சுற்றிக்கொண்டு வந்த பாண்டீஸ்வரி, நடையும் ஓட்டமுமாகக் கோட்டைத் தாண்டி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ராக்கம்மாள் வந்து சேர்ந்துவிட்டாள்.

“பாத்தியாடி அவள? கண்ணு முன்னாடி நீ விழுகுற, அவ கைமேல உக்காந்திருக்கா. இந்த வீட்லதான் பொண்ணெடுத்தோம்.”

“சும்மா இருக்கா,” என்றாள் பாண்டீஸ்வரி. “அவுக தூக்கிவிட்டிருந்தா அது அவுக ஏறுனது. முழங்கை ரெண்டும் ஏறுச்சுல்ல, அது நான் ஏறுனது. பக்கத்துல இருந்து பாத்தவுக அவுக ஒருத்திதான். போயி எனக்குச் சுண்டல் வாங்கிட்டு வா.”

ராக்கம்மாள் போனாள். முணுமுணுத்துக்கொண்டு போனாலும் போனாள்.

ஜோதிலட்சுமி சம்பந்திக்கு எதிரில் வந்து நின்றாள்.  பாண்டீஸ்வரி வெட்டிய பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, இவள் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆசையோடுதான் பார்த்தாள், அதை மறைக்கவும் இல்லை. பிறகு வலது கையை மேலே நீட்டினாள்.

“தூக்கிவிடுங்க சம்பந்தி. முட்டி மடங்க மாட்டேங்குது.”

இந்தத் தடவையும் ஜோதிலட்சுமியின் கை உடனே போகவில்லை. அவள் திரும்பிக் கர்ணனைத் தேடினாள். சுவரை விட்டு வந்துகொண்டிருந்த கர்ணன் கத்திரியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“கோட்டத் தாண்டியாச்சுக்கா. தாராளமாக் குடுங்க.”

ஜோதிலட்சுமி பட்டை தைத்த கையை நீட்டினாள். பாண்டீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, பாரமெல்லாம் அவள்மேல் போட்டு எழுந்தாள்.

“நல்லாக் கேட்டுக்கங்க,” என்றாள் எழுந்து நின்று. “அடுத்த மாசியில செவுத்துமேல இருந்து இந்தக் கைய எங்கிட்ட நீட்டுனீக, ஒங்க மகள ஒங்க வீட்டுக்கே அனுப்பிருவேன்.”

பின்னால் நின்ற சுருளிச்செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாண்டீஸ்வரி பிடித்த கையை விடாமல், சுண்டல் கொடுக்கிற இடம்வரைக்கும் ஜோதிலட்சுமியோடு நொண்டிக்கொண்டே நடந்தாள்.